வெர்சாயில் சைக்கிளில் ஒரு நாள்: தண்ணீர் தேடிய அரண்மனை



பாரிஸில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில், நானும் என் கணவரும் ஒரு நாள் வெர்சாய் அரண்மனையையும் அதன் தோட்டங்களையும் வழிகாட்டியோடு சைக்கிளில் சுற்றி வந்தோம். அதைப் பற்றி நம் காலாண்டிதழுக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது அந்த அரண்மனையின் தண்ணீர்க் கதையாக மாறிவிட்டது. சம்ப்பில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கிறவர்கள் நாம். ஆகவே உங்களுக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் சைக்கிள். நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது கல்லூரிக் காலத்தில். "நீ பின்னாடி வா, நான் மெதுவாத்தான் போவேன்" என்று தைரியம் சொன்ன என் கணவர்தான் முதல் திருப்பத்திலேயே வேலியில் போய் முட்டினார். பாரிஸிலிருந்து சைக்கிள்களோடு ரயில் ஏறி, வெர்சாய் ஊரில் இறங்கி, அங்குள்ள சந்தையில் ரொட்டியும் சீஸும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். எங்களோடு இன்னும் எட்டுப் பேர். வழிகாட்டியாக வந்தது வரலாறு படித்த ஓர் இளம் பெண். அரசியின் வாயில் என்று ஒரு கதவு இருக்கிறது. அதன் வழியாகப் பூங்காவுக்குள் நுழைந்தால் இரு பக்கமும் மரங்கள், நடுவில் நேரான சாலை. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சைக்கிள் ஓட்டுவதெல்லாம் வெளிப் பூங்காவில்தான். அரண்மனைக்குப் பின்புறம் இருக்கும் அலங்காரத் தோட்டத்தில் நடந்துதான் போக வேண்டும்.

இனி கதைக்கு வருகிறேன். 1623-இல் பதின்மூன்றாம் லூயி மன்னர் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்கென்று இங்கே ஒரு சிறிய வீடு கட்டினார். சுற்றிலும் காடு, சதுப்பு. பக்கத்தில் ஆறு கிடையாது. அவர் மகன் பதினான்காம் லூயி 1661 முதல் அந்த வீட்டைச் சுற்றி வளர்த்துக்கொண்டே போனார். கட்டடத்துக்கு லூயி லெ வோ, பின்னர் மன்சார். ஓவியங்களுக்கு லெ ப்ரன். தோட்டத்துக்கு ஆந்த்ரே லெ நோத்ர். 1682 மே மாதம் அரசவையே இங்கே குடிபெயர்ந்தது. பிரான்ஸின் பிரபுக்களைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் மன்னர் இவ்வளவையும் செய்தார் என்பார்கள். அந்தப் பிரபுக்களை மலைக்க வைக்க அவருக்கு நீரூற்றுகள் வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பீய்ச்சியடிக்கும் ஊற்றுகள். மன்னர் மனம் வைத்த இடத்தில் தண்ணீர்தான் இல்லை!

முதலில் பக்கத்திலிருந்த கிளாஞி குளத்திலிருந்து பம்பு வைத்து இறைத்தார்கள். குதிரை பூட்டிய செக்கு, காற்றாலை எல்லாம் வந்தன. போதவில்லை. தோட்டத்தின் கடைக்கோடியில் பெரிய கால்வாய் ஒன்றை 1668 முதல் 1679 வரை வெட்டினார்கள். அதன் நீளம் 1,670 மீட்டர். நாங்கள் அதன் கரையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெனிஸிலிருந்து வந்த கோண்டோலாப் படகுகள் அதில் மிதந்தன என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. தாழ்வான இடத்தில் இருக்கும் இந்தக் கால்வாயில் வந்து சேரும் நீரைக் காற்றாலைகள் வைத்து மறுபடியும் மேலே ஏற்றி, ஊற்றுகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். நம் வளாகத்தில் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று மூன்று பொதுக்குழுக் கூட்டங்களில் விவாதித்தோமே, நினைவிருக்கிறதா?

அதுவும் போதவில்லை. தெற்கே கால்வாய் வெட்டிப் பெயர் பெற்ற ரிக்கே என்பவர் 1674-இல் லுவார் ஆற்றையே வெர்சாய்க்குத் திருப்பிவிடுகிறேன் என்றார். மன்னருக்கு ஆசை வந்துவிட்டது. நல்ல வேளையாக, அமைச்சர் கோல்பேர் ஒரு வேலை செய்தார். ழான் பிக்கார் என்ற வானியலாளரை அனுப்பி மட்டம் பார்க்கச் சொன்னார். பிக்கார் தொலைநோக்கி பொருத்திய மட்டக் கருவியோடு போய் அளந்தார். ரிக்கே தண்ணீர் எடுக்க நினைத்த இடம் வெர்சாயைவிடத் தாழ்வானது, ஆறு மேட்டுக்கு ஏறாது என்று சொல்லிவிட்டார். ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட அள்ளாமல் அந்தத் திட்டம் முடிந்தது. அதற்குப் பதிலாகச் சுற்றுவட்டார மேட்டு நிலங்களில் விழும் மழையைச் சின்னச் சின்ன ஓடைகளில் சேர்த்து, ஏரிகளில் தேக்கி, சரிவிலேயே வெர்சாய்க்குக் கொண்டுவந்தார்கள். மழைநீர் சேகரிப்புத்தான். இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் மன்னருக்குப் பொறுமை இல்லை. அடுத்து வந்தது மார்லி இயந்திரம். சேன் நதியில் 14 ராட்சதச் சக்கரங்களை இறக்கி, இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகளை இணைத்து, 150 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை மூன்று கட்டமாக ஏற்றினார்கள். ஐம்பது மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடித் தொட்டிக்கு மின்சாரமே இல்லாமல் தண்ணீர் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். லியேஜ் பகுதியிலிருந்து வந்த ரென்கன் சுவாலெம் என்ற தச்சரின் கைவண்ணம் அது. 1684-இல் மன்னர் முன்னிலையில் ஓடத் தொடங்கியது. மரமும் இரும்பும் உரசும் சத்தம் சுற்றுவட்டாரத்தில் யாரையும் தூங்கவிடவில்லையாம். எப்போது பார்த்தாலும் எங்காவது ஒன்று உடையும். பழுது பார்க்கவே ஒரு பட்டாளம் வேண்டும். ஏற்றிய தண்ணீரிலும் கணிசமான பங்கு மார்லியில் மன்னர் கட்டிய இன்னொரு அரண்மனைக்குப் போய்விட்டது. ஆனாலும் 1817 வரை அதை ஓட்டியிருக்கிறார்கள்.

இதற்கடுத்த அத்தியாயத்தைக் கால்வாய்க் கரையில் அந்தப் பெண் சொன்னபோது யாரும் ரொட்டியை வாயில் வைக்கவில்லை. 1685-இல் யூர் ஆற்றைத் திருப்பி, சுமார் 80 கிலோமீட்டர் கால்வாயில் வெர்சாய்க்குக் கொண்டுவர முடிவானது. கோட்டைகள் கட்டுவதில் பேர்போன வோபான் திட்டம் போட்டார். போர் இல்லாத நேரம், படைவீரர்கள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று அவர்களையே மண்வெட்டியோடு இறக்கினார்கள். ஒரு கட்டத்தில் 30,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். தோண்டிப் போட்ட சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். எதிரியின் குண்டுக்கு அல்ல, நீரூற்றுக்கு. 1688-இல் நிஜமான போர் வந்ததும் மிச்சமிருந்த வீரர்களை எல்லைக்கு அனுப்பினார்கள். வேலை அப்படியே நின்றது. யூர் ஆற்றின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெர்சாய்க்கு வந்து சேரவில்லை. மான்தெனோன் என்ற ஊரில் மன்னரின் இரண்டாம் மனைவியின் மாளிகைத் தோட்டத்துக்குக் குறுக்கே அந்த நீர்ப்பாலத்தின் கீழடுக்கு வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அங்கே நாங்கள் போகவில்லை. இன்னொரு முறை பாரிஸ் போனால் அரண்மனையை விட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் எல்லா ஊற்றுகளையும் நாள் முழுவதும் ஓடவிடத் தண்ணீர் இல்லை. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். மன்னர் தோட்டத்தில் நடந்து வரும்போது ஊற்றுப் பணியாளர்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அவர் வரப்போகிற பக்கம் ஊற்று எழும். கடந்து போனதும் வால்வை மூடிவிடுவார்கள். மன்னரின் கண்ணுக்கு எல்லாம் எப்போதும் ஓடுவதுபோலத்தான் தெரியும். சேர்மன் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் எரியும் தெருவிளக்குகள் நினைவுக்கு வந்தன.

மன்னருக்குத் தன் தோட்டத்தின்மேல் அப்படி ஒரு பிரியம். தோட்டத்தை எந்த வரிசையில், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று 1689-இல் அவரே ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதினார். பின்னர் அதைப் பலமுறை திருத்தினார். வயதாகிக் கால் வீங்கிய பிறகு, ஆட்கள் தள்ளும் சக்கர நாற்காலியில் சுற்றினார். ஆக அவரும் சக்கரத்தின்மேல்தான் தோட்டம் பார்த்திருக்கிறார் என்று என் கணவருக்கு ஒரே திருப்தி.

மத்தியானம் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தபோது லத்தோனா ஊற்றின் முன்னால் நெடுநேரம் நின்றோம். கதை கிரேக்கப் புராணத்தில் வருவது. அப்பல்லோ, தயானா என்ற இரட்டைக் குழந்தைகளோடு தாகத்தில் தவிக்கும் தாய் லத்தோனா ஒரு குளத்தில் குடிக்கப் போகிறாள். அங்கிருந்த குடியானவர்கள் அவளைக் குடிக்க விடாமல் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்குகிறார்கள். அவர்கள் தவளைகளாகப் போகும்படி சபிக்கப்படுகிறார்கள். பளிங்கு அடுக்குகளின் உச்சியில் தாயும் குழந்தைகளும். சுற்றிலும் பாதி மனிதனாகவும் பாதி தவளையாகவும் வாயைப் பிளந்து நீரைக் கக்கும் உருவங்கள். தாகத்துக்குத் தண்ணீர் தராதவர்களின் கதையை, ஊர் ஊராகத் தண்ணீரைத் திரட்டிய மன்னரின் தோட்டத்து நட்டநடுவில் பார்க்கிறபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கண்ணாடி மண்டபத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். 1871-இல் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டதும், 1919 ஜூன் 28 அன்று முதல் உலகப்போரின் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் அங்கேதான். கூட்டத்தில் நான் அதிகம் பார்த்தது முன்னால் நின்றவர்களின் செல்போன்களைத்தான். அதைவிட ஹெர்குலிஸ் கூடத்தில் கிடைத்த செய்தி எனக்குப் பெரிது. புதுச்சேரியிலிருந்து 1787-இல் கப்பல் ஏறிய திப்பு சுல்தானின் மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி 1788 ஆகஸ்ட் 10 அன்று இந்தக் கூடத்தில்தான் வரவேற்றிருக்கிறார். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு வந்தவர்கள் அவர்கள். வரவேற்பு தடபுடல், படை கிடைக்கவில்லை. மன்னரின் கஜானா காலி.

அடுத்த பதினான்காவது மாதம் அந்த மன்னரே இங்கே இல்லை. 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி விலை தாங்க முடியாத பாரிஸ் பெண்கள் மழையில் நடந்தே வெர்சாய் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் ரயிலில் வந்த அதே தூரம், சுமார் 20 கிலோமீட்டர். அரசி மேரி அன்டாய்னெட் அப்போது திரியானோன் தோட்டத்தில் இருந்தார். ஓலைக்கூரை வீடுகள், குளம், மாடு, கோழி என்று அவர் ஆசைக்குக் கட்டிய செயற்கைக் கிராமம் அங்கேதான் இருக்கிறது. ஆடு மாடுகளை இன்றும் வளர்க்கிறார்கள். மறுநாள் கூட்டம் அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றது. அவர்கள் திரும்பி வரவேயில்லை. 1837-இல் அரண்மனை அருங்காட்சியகமானது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ஊற்றுகள் தினமும் ஓடாது. கோடைப் பருவத்தில் சனி, ஞாயிறு பார்த்துப் போங்கள். இன்றும் மேட்டுத் தொட்டிகளிலிருந்து சரிவின் அழுத்தத்தில்தான் அவை எழுகின்றன. வால்வை ஓர் ஆள் நீண்ட சாவி போட்டுக் கையால் திறக்கிறார். அவர் எங்கே நிற்கிறார் என்று கவனித்தால் அடுத்து எந்த ஊற்று எழும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். சைக்கிள் வாடகைக்குக் கால்வாயின் தலைப்பிலேயே கிடைக்கும். சீட்டின் உயரத்தை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் பார்க்கவில்லை.