துயிலின் இருப்பிடம் தேடியவர்

பழந்தமிழில் 'துஞ்சுதல்' என்னும் சொல்லுக்கு உறங்குதல், இறத்தல் என இரு பொருளும் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று புறநானூற்றில் நாம் படிப்பது அங்கே உறங்கிய மன்னனை அன்று, அங்கே மாண்ட மன்னனை. கிரேக்கப் புராணத்திலும் உறக்கத்தின் தெய்வமும் சாவின் தெய்வமும் இரட்டைப் பிள்ளைகள். உறக்கம் என்பது விழிப்பு அணைந்துபோன வெறுமை, சாவின் சிறு சாயல் என்றே மனிதகுலம் நெடுங்காலம் எண்ணியது. அறிவியலாரும் இதற்கு விலக்கல்லர்.

நரம்பு மண்டலம் என்பது மூளை, தண்டுவடம், அவற்றினின்று உடலெங்கும் கிளைக்கும் நரம்புகள் ஆகியவற்றின் தொகுதி. மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. அடுத்த அணுவுக்குப் பெரும்பாலும் வேதிப்பொருளின் வழியே தாவுகிறது. கண்ணும் செவியும் அனுப்பும் செய்திகள் குறைந்தால் மூளை தானே ஓய்ந்துவிடும், அதுவே உறக்கம் என்பது பழைய விளக்கம். எளிமையான விளக்கந்தான். அதை அசைத்தது ஒரு கொள்ளைநோய்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளை. வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கோனமோ என்ற மருத்துவர் விந்தையான நோயாளிகளைக் கண்டார். கிரேக்க வழியில் வந்த குடும்பத்தில் 1876இல் ருமேனியாவில் பிறந்தவர் அவர். வானூர்தி ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். நோயாளிகளோ உண்ணும்போதே உறங்கினர். தட்டி எழுப்பினால் விடை சொல்லிவிட்டு மீண்டும் உறக்கத்துள் அமிழ்ந்தனர். சிலருக்கு இந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது. பலர் அப்படியே மாண்டனர். 1917இல் அவர் இந்நோயை விவரித்து 'என்சபலைட்டிஸ் லெதார்ஜிகா' என்று பெயரிட்டார். உலகெங்கும் பரவி, 1920களின் இறுதியில் அடங்கிய இந்நோயின் காரணம் இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை.

நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது வேறொன்று. அதே நோய் கண்ட வேறு சிலருக்கு உறக்கமே வரவில்லை. இறந்தோரின் மூளைகளை எக்கோனமோ ஆராய்ந்தார். ஓயாமல் உறங்கியவர்களுக்கு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்புறம், அது நடுமூளையைத் தொடும் இடத்தில் சிதைவு இருந்தது. உறக்கம் இழந்தவர்களுக்கோ அதன் முன்புறத்தில் சிதைவு. உறக்கம் வெறும் ஓய்வு என்றால், ஓரிடம் சிதைந்ததும் அது ஏன் தொலைந்துபோக வேண்டும்? விழிக்க வைக்க ஓரிடம் இருப்பதுபோல் உறங்க வைக்கவும் ஓரிடம் மூளையில் உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1931இல் அவர் காலமானார். பழைய விளக்கம் உடனே மறைந்துவிடவில்லை. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதையும், அப்போது எழுப்பினால் பலரும் கனவு கண்டதாகச் சொல்வதையும் வெளியிட்டனர். 1996இல், உறங்கும்போது முனைந்து இயங்கும் நரம்பணுக்கள் எலிகளின் ஹைப்போதலாமஸ் முன்புறத்தில் கண்டறியப்பட்டன. எக்கோனமோ சுட்டிய திசை சரியாகவே இருந்தது.

நாம் ஏன் உறங்குகிறோம்? முழு விடை இன்னும் கிட்டவில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட அடினோசின் என்னும் வேதிப்பொருள் மூளையில் பெருகி உறக்கத்தைத் தூண்டுகிறது. காப்பி அதன் வாயிலை அடைத்து நம்மை ஏமாற்றுகிறது. பகலில் கற்றவை உறக்கத்தில் நிலைபெறுகின்றன. உறக்கத்தில் மூளையின் கழிவுகள் விரைந்து வெளியேறுகின்றன என்று 2013இல் சுண்டெலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு கூறிற்று. 2024இல் வந்த மற்றோர் ஆய்வு அதை மறுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இரவுப் பணி முடித்து நேரே வகுப்புக்கு வந்து கண்ணயர்ந்த மாணவனை, சோம்பேறி என்று சொல்லி எழுந்து நிற்க வைத்தவர்கள் நாம். அவன் பாடத்தைப் புறக்கணிக்கவில்லை. அவன் மூளை தனக்குரிய வேலையைத் தொடங்கிவிட்டது, அவ்வளவே. துஞ்சுதலுக்கு இருபொருள் கற்பித்த நாம், அவற்றுள் ஒன்று வாழ்தலின் பகுதி என்பதைக் கற்கச் சற்றே காலம் பிடித்தது.