பெண்கள் பெட்டி

தஞ்சாவூர்ப் பக்கத்து ரயில் வரலாற்றைக் கேட்டால் எல்லோரும் போட் மெயிலில்தான் தொடங்குவார்கள். எழும்பூரில் ஏறினால் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் வந்த இந்த வழி, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. கதை சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எஞ்சின், கரிப்புகை, கப்பல் என்று போகும் அந்தக் கதை. நான் தேடியது அதே வண்டியில் இருந்த இன்னோர் அறையை.

1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 64-ஆம் பிரிவில் அது இருக்கிறது. ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும், மிகத் தாழ்ந்த வகுப்பில், குறைந்தது ஓர் அறையைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுவதானால், அப்படி ஒதுக்கிய அறையொன்றில் கழிப்பறை இருக்க வேண்டும். இந்திய ரயிலில் கழிப்பறை வந்த கதையாக நமக்குச் சொல்லப்படுவது வேறு: பலாப்பழம் தின்று வயிறு கெட்டு, வண்டியைத் தவறவிட்ட ஒகில் சந்திர சென் 1909-ல் எழுதிய வேடிக்கையான கடிதம். அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே, மூன்றாம் வகுப்புப் பெண்களுக்காகச் சட்டத்தில் ஒரு வரி அமலுக்கு வந்துவிட்டது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் சொல்வதில்லை.

இதைப் பெண்ணுரிமைச் சட்டம் என்று நான் கொண்டாட மாட்டேன். வீட்டுப் பெண்ணை அயல் ஆண் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அதில் தெரிகிறது. ஆனால் கவலைப்பட்டுக் கட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்பது வேறு. மாயவரத்தில் ஏறிச் சென்னைக்குப் போன என் பாட்டி சொல்வாள்: "உள்ள தாப்பாளப் போட்டுட்டா எங்க ராஜ்யம்தான்டி. கால நீட்டி உக்காந்ததே அந்த ராத்திரிதான்." தலைப்பிரசவத்துக்குப் போகிறவள், மகாமகத்துக்குப் போகிறவள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எல்லோரும் ஒரே பலகையில். சாதியும் கூடவே ஏறியது. தண்ணீர்ச் சொம்பை யாரும் யாருக்கும் நீட்டியதில்லை என்பதையும் பாட்டியே சொன்னாள். வெளியே, ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் 1941 வரை நீடித்தது.

எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பயணம் திரும்பி வரும் பயணமல்ல. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை போட்ட பாதை நெல்லை மட்டும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவில்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன பெண்களும் நாகையில்தான் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை.

1989-ல் புதிய ரயில்வே சட்டம் வந்தது. அதன் 58-ஆம் பிரிவு, பெண்களுக்கு ஓர் அறை "அல்லது" நிர்வாகம் தகுதியென நினைக்கும் எண்ணிக்கையில் படுக்கைகள், இருக்கைகள் என்கிறது. அந்த "அல்லது" வழியாகத்தான் அறை வெளியேறியது. இன்று தொலைதூர வண்டியின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கு ஆறு படுக்கைகள். தாழ்ப்பாள் கிடையாது.

பாதைகளும் குறைந்தன. மாயவரம்–தரங்கம்பாடி வண்டி 1986-ல் நின்றது. அகலப்பாதைப் பணிக்காக மூடிய திருவாரூர்–பட்டுக்கோட்டை–காரைக்குடி பாதை பல ஆண்டுகள் கழித்து 2019-ல்தான் முழுமையாகத் திறந்தது. அதுவரை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பெண்களுக்குச் சென்னை என்றால் இரவுப் பேருந்து. பேருந்தில் கழிப்பறை கிடையாது. எங்கே நிறுத்துவது என்பது ஓட்டுநர் விருப்பம். அந்த வண்டிகளில் போய்வந்த பெண்களைக் கேளுங்கள்: பயண நாளன்று மாலை நான்கு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம் என்பார்கள்.