விக்டோரியா ஏரிக்கரை மீனவரும் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சியின் கடமையும்

விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையிலே, உகாண்டா நாட்டின் ராக்காய் ஜில்லாவைச் சேர்ந்த கசென்செரோ என்னும் படகுத்துறையில், 1982-ஆம் ஆண்டில், உடல் நாளுக்கு நாள் உருகி எலும்பும் தோலுமாய் மாண்டவர்களைக் கண்டு அஞ்சிய ஜனங்கள் அந்த வியாதியை 'மெலிவு நோய்' என்றனர். அது எய்ட்ஸ் கிருமியோடு தொடர்புடையது என்பதை உகாண்டா வைத்தியர்களும் அயல்நாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 1985-இல் 'லான்ஸெட்' பத்திரிகையின் வாயிலாக அறிவித்தனர். அதற்குப்பின் ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து அதே பிரதேசத்தில் எடுக்கப்பட்ட கணக்கிலும், உள்நாட்டு விவசாயக் கிராமங்களிலும் சந்தை ஊர்களிலும் வயதுவந்தோரில் 100-க்கு 9 முதல் 26 பேர் வரை தொற்றுடையோராயிருக்க, மீனவர் குடியிருப்புகளிலோ அத்தொகை 38 முதல் 43 வரை இருந்தது. இந்த மிகுதியே தடுப்பூசி ஆராய்ச்சியாளரின் கவனத்தை இக்கரைகளின்பால் திருப்பிற்று. எந்த அபாயம் ஒரு சமூகத்தை ஆராய்ச்சிக்கு உகந்த களமாக்குகிறதோ, அந்த அபாயத்தைக் குறைக்கும் கடமையையும் ஆராய்ச்சியே முதலில் ஏற்கவேண்டும் என்பதும், அக்கடமை விஞ்ஞானத்துக்கு இடையூறன்று, அதற்கு நியாயம் அளிப்பதே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மீனவரின் ஒழுக்கக் குறைவே தொற்றுக்குக் காரணம் என்பது மேலோட்டமான அபிப்பிராயம். தொழிலின் அமைப்பை நோக்கின் உண்மை வேறாகத் தோன்றும். கென்யக் கரையில் 'ஒமேனா' எனப்படும் சிறுமீனை நிலவில்லா இரவுகளில் விளக்கு வைத்துப் பிடிக்கின்றனர். விடியற்காலையில் படகு கரை சேரும்போது, அம்மீனை வாங்கி உலர்த்தி விற்றுப் பிழைக்கும் பெண்கள் பாத்திரங்களோடு காத்து நிற்கின்றனர். படகும் வலையும் பெரும்பாலும் ஆண்களுடையவை, வாங்குவோரோ பலர், ஆகவே யாருக்கு மீன் கிடைக்கும் என்பதைப் பணம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. மீனுக்கு ஈடாக உடலுறவைக் கோரும் 'ஜாபோயா' என்ற வழக்கம் இந்த ஏற்றத்தாழ்விலே பிறந்தது. மீன் போகும் இடமெல்லாம் துறைவிட்டுத் துறை பெயரும் வாழ்க்கை, அன்றாடம் கையில் புரளும் ரொக்கம், துறையோரத்து மதுக்கடை, இரவெல்லாம் உழைத்தவன் உறங்கும் பகற்பொழுதில் மாத்திரமே திறந்திருக்கும் வைத்தியசாலை ஆகியவை யாவும் அந்த ஏற்றத்தாழ்வோடு சேர்ந்துகொள்கின்றன. புயலில் படகு கவிழ்ந்து இன்றிரவே மடியலாம் என்றிருப்பவனுக்குப் பத்தாண்டு கழித்து வரக்கூடிய மரணம் பெரிதாகத் தோன்றாமை வியப்பன்று.

மேலும், இம்மக்களே சுற்றுவட்டாரத்துக்கு நோயைப் பரப்புகின்றனர் என்ற பழியையும் விஞ்ஞானமே பொய்ப்பித்துவிட்டது. ராக்காய்ப் பிரதேசத்துக் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆராய்ச்சி, ஏரிக்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற தொற்றைவிட உள்நாட்டிலிருந்து ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த தொற்றே அதிகம் எனக் காட்டிற்று.

இனி, தடுப்பூசிப் பரிசோதனையின் கணிதத்தை நோக்குவோம். ஓர் ஊசி பயன் தருகிறதா என்பதை நிர்ணயிக்க, ஊசி பெற்றோரிலும் பெறாதோரிலும் புதிதாகத் தொற்றியோரின் தொகையை ஒப்பிடவேண்டும். ஆண்டொன்றுக்கு 100 பேரில் 4 பேருக்குத் தொற்றும் இடத்தில் 1,000 பேரைக் கவனித்தால் 40 தொற்றுகள் தென்படும். 1,000 பேரில் 4 பேருக்கே தொற்றும் இடத்தில் அதே 40-ஐக் காண 10,000 பேர் வேண்டும். துன்பம் மிகுந்த இடத்தில் ஆராய்ச்சி விரைவாகவும் மலிவாகவும் முடிகிறது என்பதே இக்கணக்கின் சாரம். இதிலே ஒரு தர்மசங்கடம் இருப்பதை மறுக்க முடியாது. ஆணுறை, சிகிச்சை, தடுப்பு மாத்திரை ஆகியவற்றைக் குறைவற வழங்கினால் புதுத் தொற்று குறைந்து, பரிசோதனை முடிவு காணாமலே நின்றுவிடும் என்று சிலர் வாதிக்கலாம்.

இந்த வாதத்துக்கு ராக்காய் அனுபவமே தக்க விடை. அங்கே நான்கு மீனவர் குடியிருப்புகளில், கிருமியை அடக்கும் மருந்து பெறுவோர் தொற்றுடையோரில் 100-க்கு 16-லிருந்து 82-ஆக உயர்ந்தபோது, விருத்தசேதனமும் பரவியபோது, 2011-12-இல் ஆண்டுக்கு 100 பேரில் 3.43-ஆக இருந்த புதுத் தொற்று 2016-17-இல் 1.59-ஆகக் குறைந்தது. தடுப்பூசி இல்லாமலே பாதிக்குமேல் குறைக்க முடிந்ததென்றால், அதைச் செய்யாமல் பரிசோதனைக்காகக் காத்திருப்பது அநீதி. ஆயினும் எஞ்சிய 1.59-உம் மிகப் பெரிதே ஆதலால், தடுப்பூசியின் தேவையும் நீங்கவில்லை. கடமையைச் செய்தபின்னும் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கவே செய்கிறது.

ஆப்பிரிக்காவின் முதல் எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை 1999-இல் உகாண்டாவிலேதான் நிகழ்ந்தது. 2009-இல் தாய்லாந்துப் பரிசோதனை ஒன்று 31 சதவிகிதப் பாதுகாப்பைக் காட்டி நம்பிக்கையூட்டிற்று. அதே முறையைத் தழுவித் தென்னாப்பிரிக்காவில் நடந்த பரிசோதனையோ 2020-இல் பயனின்மையால் நிறுத்தப்பட்டது. உகாண்டாவின் மசாகா உள்ளிட்ட இடங்களில் தடுப்பு மாத்திரையையும் தடுப்பூசியையும் ஒருங்கே ஆராய்ந்த 'ப்ரெப்வாக்' திட்டத்திலும் 2023 நவம்பரில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. இத்தோல்விகள் தொண்டர்களின் தியாகத்தை வீணாக்கவில்லை. ஆனால் தடுப்பூசியின் பயனை முன்கூட்டி வாக்களித்து எவரையும் சேர்க்கலாகாது என்பதை உறுதிப்படுத்துகின்றன. இதற்கிடையே, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஆண்டுக்கு இருமுறை லெனகாபவிர் என்னும் தொற்றுத்தடுப்பு மருந்தை ஊசிவழியே பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற செய்தி 2024-இல் வெளிவந்தது. நாள்தோறும் மாத்திரை உண்ண இயலாமல் தீவுக்குத் தீவு அலையும் மீனவருக்கு இதைவிடப் பொருத்தமான தடுப்பு முறையைக் கற்பனை செய்வது அரிது.

கடமை சிறு விஷயங்களிலும் வெளிப்படவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பூசி பெற்ற சிலரது உடலில் தோன்றும் எதிர்ப்பொருள்கள், சாதாரண இரத்தப் பரிசோதனையில் தொற்று இருப்பதுபோலவே காட்டிவிடுகின்றன. வேறொரு துறைக்குப் போன மீனவன் அங்கே அவ்வாறு பரிசோதிக்கப்பட்டால், தொற்றே இல்லாதவன் மனைவியின் நம்பிக்கையையும் ஊராரின் மதிப்பையும் இழக்க நேரும். உண்மையைப் பிரித்தறியும் விசேஷ பரிசோதனை, அவன் செல்லும் துறைகளிலெல்லாம் பல்லாண்டுகளுக்குக் கிடைக்கச் செய்வது ஆராய்ச்சியாளரின் பொறுப்பேயாகும்.

ஆதலால், பரிசோதனைக் குழுக்களில் படகோட்டிகளும் மீன் விற்கும் பெண்களும் அங்கம் பெறவேண்டும்; வைத்தியசாலை அவர்கள் விழித்திருக்கும் வேளையில் திறக்கவேண்டும்; இன்று கைவசமுள்ள தடுப்பு முறைகள் யாவும், பரிசோதனையில் சேர்ந்தோருக்கும் சேராதோருக்கும் ஒருங்கே கிடைக்கவேண்டும்; என்றேனும் பயனுள்ள தடுப்பூசி கண்டறியப்படுமாயின், அது முதலில் இக்கரைகளுக்கே வந்து சேரவேண்டும். இவற்றை ஏற்காத ஆராய்ச்சி எத்துணை நுட்பமானதாயினும், விக்டோரியா ஏரிக்கரையில் நடத்துவதற்கு அருகதையுடையதன்று.