ஆலைச் சங்கமும் மலைக் கூலியும்

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் ஆம்பிளைகள் பலர் ஊரில் இருப்பதில்லை. காப்பித் தோட்டம், கேரளா என்று போய்விடுவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை என்று பேசும் வழக்கமே இல்லை. புதுச்சேரிக்காரனான எனக்கு இதைக் கேட்டால் 1936 நினைவுக்கு வரும்.

பிரெஞ்சுப் பள்ளியில் 1936 என்றால் லெயோன் ப்ளும் சர்க்கார். ஜூன் 7-ல் மாத்தினோன் ஒப்பந்தம். தொடர்ந்து வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்துடன் 2 வார விடுமுறை, முதலாளியும் சங்கமும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தத்துக்கு ஒரு சட்டம். எல்லாம் மனப்பாடம். அதே ஆண்டு எங்கள் ஊரில் நடந்ததோ பாடத்தில் கிடையாது.

பாரிசில் எழுதிய சட்டம் தானாகக் கடல் தாண்டி வரவில்லை. சென்னையில் 1918-லேயே பி அண்டு சி ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. அதன் தலைவர்கள் மீது நிர்வாகம் வழக்குப் போட, அதிலிருந்து எழுந்த கோரிக்கையால் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அது செல்லாது. வ. சுப்பையா முன்நின்று ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். வேலைநிறுத்தம் நடந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தனர். 1937 ஏப்ரல் 6-ல் 8 மணி நேர வேலையும் சங்க உரிமையும் தரும் ஆணை வந்தது.

2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தனர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். வெட்டச் சொல்லி அனுப்பியவர் யார் என்பது பின்னால் போய்விட்டது.

இவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப்போடுவதை 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. வெளிமாநிலத்துக்கு 5 பேரோ அதற்கு மேலோ கூட்டிப் போகும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்றது 1979 சட்டம்.

புதுச்சேரியில் ஆட்கள் முதலில் கூடினார்கள், சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் முன்னால் வந்து நிற்கிறது, கூடத்தான் ஆளில்லை. ஆலைக்கு ஒரே வாசல், ஒரே முதலாளி. மலையில் வீட்டுக்கு வீடு தனித்தனி முன்பணம். மேஸ்திரி வரும் நாளில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து ஒரே கூலி சொன்னால், அதுவே சங்கத்தின் முதல் கூட்டம்.