ஆசாமி, சந்தா, பேட்டா: படையில் சேர்ந்தவனின் மூட்டைக்கு யார் பணம் கொடுத்தார்?

இன்று இந்தியத் தரைப்படையின் பயிற்சி மையம் ஒன்றுக்குப் புறப்படும் இளைஞன் சான்றிதழ்களையும் சில மாற்றுடைகளையும் ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு செல்கிறான். சீருடை, காலணி, கம்பளி, துப்பாக்கி, மூன்று வேளை உணவு ஆகியவை அரசின் கணக்கில் கிடைக்கும் என்பதில் அவனுக்கோ அவன் வீட்டாருக்கோ ஐயமில்லை. இந்த உறுதிக்கு வயது ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தான். அதற்கு முன், படையில் சேர்பவனுடைய மூட்டை அவனுடைய சொந்தச் செலவு. அந்த மூட்டையைக் கட்ட வசதியுள்ளவன் யார் என்பதைப் பொறுத்தே யார் படைவீரனாகலாம் என்பதும் முடிவாயிற்று. இந்தப் பழைய ஏற்பாட்டின் கலைச்சொற்கள் சில இன்றும் தமிழில் வழங்குகின்றன. அவற்றின் படைத்துறைப் பொருள்தான் மறைந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டின் முழு வடிவத்தைக் குதிரைப்படையின் சிலேதார் முறையில் காணலாம். ‘சிலாஹ்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ஆயுதம் என்பது பொருள். ‘தார்’ என்னும் பாரசீக விகுதி உடைமையைக் குறிக்கும். சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து சேர்பவன் சிலேதார். பிறருடைய குதிரையில் ஏறிப் போர் செய்பவன் பார்கீர். மராத்தியர் படையில் இரு வகையினரும் இருந்தனர். சிவாஜி அரசுக் குதிரையில் ஏறும் பார்கீர்களையே பெரிதும் விரும்பினார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. காரணம் எளிது. குதிரை யாருடையதோ, வீரனின் விசுவாசத்தில் ஒரு பங்கும் அவருடையது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்த முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1803இல் சிந்தியாவின் படையை விட்டுக் கம்பெனியிடம் வந்த குதிரை வீரர்களைக் கொண்டு ஜேம்ஸ் ஸ்கின்னர் அமைத்த மஞ்சள் அங்கிப் படை அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 1857க்குப் பின் இம்முறை பெருவழக்காயிற்று. அரசுக் குதிரையில் ஏறிய வங்காளக் குதிரைப்படைப் பிரிவுகள் கிளர்ச்சியில் சேர்ந்தன, அல்லது ஆயுதம் பறிக்கப்பட்டுக் கலைந்தன. அவற்றின் இடத்தில் சிலேதார் பிரிவுகளே நிறுவப்பட்டன. அரசுக்கு இதில் இரட்டை ஆதாயம். குதிரைக்கும் சேணத்திற்கும் உடைக்கும் கருவூலம் நேரடியாகச் செலவிட வேண்டியதில்லை. மேலும், தன் குடும்பப் பணத்தைப் படையில் முடக்கியவன் எளிதில் ஓடமாட்டான், எளிதில் கலகமும் செய்யமாட்டான் என்று கணக்கிட்டனர். பிணைப்பணத்தின் மேல் கட்டப்பட்ட விசுவாசம் என்று இதனைச் சொல்வது மிகையாகாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில், ஓரளவு நிலமுள்ள குடும்பத்து இளைஞன் குதிரைப்படையில் சேர முனைந்தால் என்னென்ன ஆயத்தங்கள் வேண்டியிருந்தன? முதலாவது, ஒரு சொந்தக்காரர். அதே பிரிவில் பணிபுரியும் தந்தையோ மாமனோ பெரியப்பனோ அவனை அழைத்துச்சென்று அதிகாரியின் முன் நிறுத்த வேண்டும். இடம் காலியாகும் வரை அவன் ‘உமேத்வார்’. நம்பிக்கையைக் குறிக்கும் பாரசீக ‘உமேத்’ என்பதிலிருந்து வந்த சொல் இது. காத்திருப்போர் பட்டியலுக்கு இதைவிட நேர்மையான பெயர் அமைவது அரிது.

இரண்டாவது, பணம். அதன் பெயர் ‘அசாமி’. அரபியில் ‘இஸ்ம்’ என்றால் பெயர். அதன் பன்மை ‘அஸ்மா’. பன்மையின் பன்மை ‘அசாமீ’. பெயர்ப் பட்டியலில் ஒருவனுக்குரிய இடத்தை முதலில் குறித்த இச்சொல், பின்னர் அந்த இடத்தைப் பெறுவதற்குக் கட்டும் வைப்புத்தொகையையும் குறித்தது. தமிழில் ‘அந்த ஆசாமி எங்கே?’ என்று கேட்கிறபோது பட்டியலும் இல்லை, பணமும் இல்லை, ஆள் மட்டுமே எஞ்சியிருக்கிறான். ஆனால் சிலேதார் பிரிவில் அசாமி இல்லாமல் ஆளுக்கு இடமில்லை. அத்தொகை பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டது. பொதுவாகச் சில நூறு ரூபாய். 1895 வரை காலாட்படைச் சிப்பாயின் மாத ஊதியம் 7 ரூபாய் என்பதை இதனுடன் ஒப்பிட்டால், எத்தகைய குடும்பங்கள் இதனைக் கட்டியிருக்க முடியும் என்பது விளங்கும். சிலர் நிலத்தை அடகு வைத்தனர். சிலர் பிரிவின் நிதியிலிருந்தே முன்பணம் பெற்று மாதந்தோறும் கழித்தனர். தொடக்கத்தில் செல்வரான ஒரு சர்தார் பல அசாமிகளைத் தாமே வைத்துக்கொண்டு அவற்றில் பார்கீர்களை அமர்த்துவதும் உண்டு. இவ்வழக்கம் பின்னாளில் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பணி முடிந்து விலகும்போது வைப்புத்தொகை வீரனிடம் திரும்பும்.

அத்தொகை பிரிவுக்குச் சென்றபின் அவனுக்குரிய பொருள்கள் வரும்: குதிரை, சேணம், வாள், நீண்ட குர்தா, இடைக்கச்சை, கம்பளி, தலைக்குக் கட்டும் லுங்கி. தமிழர் இடையில் உடுக்கும் லுங்கி வடமேற்குக் குதிரைப்படையில் தலைப்பாகைத் துணியாக இருந்தது. ஒரே சொல் ஒரு துணைக்கண்டத்தைக் கடப்பதற்குள் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது! அரசு கொடுத்தவை துப்பாக்கியும் தோட்டாவும் மட்டுமே. இரண்டு சவார்கள் சேர்ந்து ஒரு மட்டக்குதிரையையோ கோவேறு கழுதையையோ, அதனுடன் ஒரு புல்லறுப்பவனையும் தம் செலவில் வைத்திருந்தனர். படைவீரனின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுகொள்ளாத மனிதன் இந்தப் புல்லறுப்பவன். சவாரின் மூட்டையில் ஒரு பகுதி இவன் தலையில்தான் இருந்தது.

சவாரின் மாத ஊதியம் 30 ரூபாயைச் சுற்றி இருந்தது. காலாட்படையினர் பொறாமைப்படத்தக்க தொகையே. ஆனால் குதிரையின் தீனி, புல்லறுப்பவனின் கூலி, உணவு, உடையின் பழுது ஆகிய அனைத்தும் அதிலிருந்தே போயின. ‘சந்தா’வும் அதிலிருந்தே. குதிரை இறந்தால் மறுகுதிரை வாங்கும் பொருட்டு ஒவ்வொருவரும் மாதந்தோறும் செலுத்திய பொதுநிதி சந்தா நிதி எனப்பட்டது. இன்று இதழுக்குச் சந்தா கட்டுகிறோம். அன்று குதிரையின் உயிருக்குச் சந்தா கட்டினர். இக்காலக் காப்பீட்டின் கூறுகள் பலவும் அதில் இருந்தன. ஒரே மாதத்தில் எல்லாக் குதிரைகளும் இறந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை.

காலாட்படையின் நிலை வேறு. அங்கே வைப்புத்தொகை இல்லை. எனினும் உடையின் ஒரு பங்கு ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. உணவைச் சிப்பாயே வாங்கிச் சமைத்தான். அணிவகுத்துச் செல்லும்போது முதுகுப்பையில் அடங்காத சொந்தப் பொருள்களைச் சுமக்கும் மாடுகளுக்கும் அவனே வாடகை கொடுத்தான். இந்தக் கடைசிச் செலவு ஒருமுறை பேரழிவில் முடிந்தது.

1824ஆம் ஆண்டு, முதல் ஆங்கில - பர்மியப் போர் நடந்துகொண்டிருந்தது. கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலிருந்து சிட்டகாங் நோக்கி நடக்குமாறு வங்காளக் காலாட்படையின் மூன்று பிரிவுகளுக்கு ஆணை வந்தது. முதலில் புறப்பட வேண்டியது 47ஆம் பிரிவு. அது அப்போதுதான் மதுராவிலிருந்து நெடுந்தொலைவு நடந்து வந்திருந்தது. அதன் சிப்பாய்களில் பெரும்பாலோர் உயர்சாதியினர், தனித்தனியே சமைப்பவர். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனக்கென லோட்டாவும் பித்தளைப் பாத்திரங்களும் இருந்தன. ஒருவன் பாத்திரத்தை மற்றவன் தொடலாகாது; அவற்றை ஒரே பொதியாகச் சேர்க்கவும் இயலாது. போருக்காகக் கம்பெனியே மாடுகளை வாங்கிக் குவித்ததால் சந்தையில் கிடைத்த சில மாடுகளும் எட்டாத விலைக்குப் போயின. முதுகுப்பைகள் நைந்திருந்தன. புதியவற்றிற்குச் சிப்பாய்களிடம் பணம் பிடிக்கப்பட்டிருந்தும் அவை வந்துசேரவில்லை. முதுகுப்பையில் அடங்குவதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுச் செல்லுங்கள் என்பது அதிகாரிகளின் விடை. சாதி ஒழுக்கம் குலையாமல் உண்பதற்குரிய பாத்திரத்தை விட்டுச் செல்வது, அந்த மனிதர்களின் கண்ணில், திரும்பி வரும்போது வீட்டில் ஏற்கப்படாத நிலையை வலிந்து தேடுவது.

மாடுகளைக் கொடுங்கள், அல்லது இரட்டைப் ‘பட்டா’ கொடுங்கள் என்று அவர்கள் கேட்டனர். பட்டா என்பது ஊரை விட்டு நீங்கிப் பணிபுரியும் காலத்துக்கான மிகைப்படி. சோற்றைக் குறிக்கும் ‘பக்தம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது இது என்பது ஒரு கருத்து. இன்று தமிழ்நாட்டில் வாடகை வண்டி ஓட்டுநர் பெறும் ‘பேட்டா’ இதுவே. நில ஆவணமாகிய பட்டாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நவம்பர் 2 அன்று காலை, தலைமைத் தளபதி எட்வர்டு பேஜட் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளையும் பீரங்கிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஆயுதங்களைக் கீழே வைக்க மறுத்தோர்மேல் பீரங்கிகள் சுட்டன. சிப்பாய்கள் சிதறி ஓடினர். சிலர் ஹூக்ளி ஆற்றில் மூழ்கினர். இறந்தோர் ஏறத்தாழ 180 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்கள் விட்டுச்சென்ற துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டா ஏற்றப்படவே இல்லை. தலைவர் எனக் கருதப்பட்ட பிந்தீ திவாரி உள்ளிட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 47 என்னும் எண்ணே வங்காளப் படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையோ, நடப்பதற்குரிய வசதியின்றி நடக்கச் சொன்னதால் விளைந்த விரக்தியே இதற்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தது. பொதிமாடு கேட்டவர்களுக்குப் பீரங்கி கிடைத்த பின் கண்ட முடிவு அது. 1806 வேலூர்ப் புரட்சிக்குக் காரணமான புதுத் தலைப்பாகையும் தோல் சின்னமும் பாடநூல்களில் இடம்பெற்ற அளவுக்குப் பாரக்பூரின் முதுகுப்பை இடம்பெறவில்லை. உடலில் எதை அணிவது என்னும் பூசல் சமயத்தின் பெயரால் நினைவில் நிற்கிறது. எதைச் சுமப்பது, எவர் செலவில் சுமப்பது என்னும் பூசல் வெறும் கணக்குவழக்காகக் கருதப்பட்டு மறக்கப்படுகிறது.

மதராஸ் படையில் இந்தக் கணக்கு இன்னும் பெரியது. அங்கே சிப்பாயின் குடும்பமும் படைப்பிரிவுடன் குடியிருந்தது, பிரிவு இடம்பெயரும்போது உடன் பெயர்ந்தது. மனைவி, குழந்தைகள், முதிய தாய் ஆகியோரையும் சேர்த்தே மூட்டை கட்ட வேண்டும். 1843இல் 6ஆம் மதராஸ் குதிரைப்படை தென்னகம் திரும்பும் நம்பிக்கையில் இருந்தபோது ஜபல்பூரில் நிறுத்தப்பட்டது. குடும்பங்கள் காம்ப்டியில் இருக்க, குறைந்த படியில் இரண்டு இடத்துச் செலவைத் தாங்க முடியாத நிலையில் வீரர்கள் பணிசெய்ய மறுத்தனர். அக்காலத்தில் சிந்துப் பகுதிக்கு அனுப்பப்பட்ட வங்காள, மதராஸ் பிரிவுகளிலும் பட்டாவைப் பற்றியே மனக்கசப்பு எழுந்தது.

எனினும் மதராஸ் குதிரைப்படை சிலேதார் முறைக்குள் வரவே இல்லை. 1903ஆம் ஆண்டு மறுஎண்ணிடலில் 26, 27, 28 என எண் பெற்ற அதன் மூன்று பிரிவுகள் மட்டுமே, 39 குதிரைப்படைப் பிரிவுகளுக்குள், அரசுக் குதிரையில் ஏறின. அங்கே சேர வந்தவன் அசாமி கட்ட வேண்டியதில்லை. சிலேதார் பிரிவுகளின் அதிகாரிகள் இதனைச் சற்று இளக்காரமாகவே நோக்கினர். சொந்தக் குதிரையுடையவன் மானமுள்ள உழவர்குடி மகன், அரசுக் குதிரையில் ஏறுபவன் கூலிக்காரன் என்பது அவர்கள் எண்ணம். வட இந்தியரே போர்க்குடியினர் என்ற கொள்கைக்கு இத்தகைய எண்ணமும் துணைபோயிற்று. மானத்தின் விலை சில நூறு ரூபாய் என்பதையும், அதைக் கொடுக்க இயலாதவனின் மானம் அளக்கப்படவே இல்லை என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1914இல் போர் வந்தது. பிரான்சுக்கும் மெசொப்பொத்தேமியாவுக்கும் சென்ற சிலேதார் பிரிவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைச் சேணத்தையும் உடையையும் கொண்டிருந்தன. பழுதானால் மாற்றுப்பொருள் பிரிவின் சொந்த ஏற்பாட்டில், கடலுக்கு அப்பாலிருந்து வரவேண்டும். குதிரைகள் மந்தைமந்தையாக மடிந்தபோது சந்தா நிதிக்குப் பொருளே இல்லாமற்போயிற்று. இந்தியாவிலோ, புதிதாகச் சேர்க்கப்படும் ஆயிரக்கணக்கானோரிடம் வைப்புத்தொகை கேட்க வழியில்லை. அவர்களுக்கு விற்கக் குதிரையும் இல்லை. அரசு வேறு வழியின்றிச் செலவை ஏற்றது. காலாட்படைச் சிப்பாயின் ஊதியம் 1911 முதல் 11 ரூபாயாகவே நின்றது. ஆள் கிடைப்பது அரிதானபோது, 1917இல், இலவச உணவும் சேர்வோருக்கு ஊக்கத்தொகையும் வந்தன. சிப்பாயின் சோறு அரசின் பொறுப்பு என்ற கொள்கையை அறவுணர்வு கொண்டுவரவில்லை, ஆள்பற்றாக்குறை கொண்டுவந்தது.

போருக்குப்பின் சிலேதார் முறை ஒழிக்கப்பட்டது. 1921-22 மறுசீரமைப்பில் காலாட்படைப் பிரிவுகள் தொகுக்கப்பட்டு, புதிதாகச் சேர்வோரைப் பயிற்றுவதற்கெனத் தனிப் பட்டாலியன்கள் அமைந்தன. சொந்தக்காரரின் கைபிடித்து நேரே பிரிவுக்குச் சென்ற வழக்கம் குன்றி, வெறுங்கையோடு பயிற்சி நிலையத்தின் வாசலில் நிற்கும் இளைஞன் அப்போதுதான் தோன்றினான். 39 குதிரைப்படைப் பிரிவுகள் 21 ஆகச் சுருங்கின. முப்பத்தாறு பிரிவுகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட, இணைப்பின்றித் தப்பியவை மூன்று. ஒன்று கைட்ஸ் குதிரைப்படை. மற்ற இரண்டும், சிலேதார்களின் இளக்காரத்துக்கு ஆளாகியிருந்த மதராசின் 27ஆம், 28ஆம் பிரிவுகள்.