பஞ்சுத் தூசு நுரையீரல் நோய்

பஞ்சுத் தூசு நுரையீரல் நோய் அல்லது பிசினோசிஸ் என்பது பருத்தி, ஆளி முதலிய தாவர நார்களின் தூசைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் உண்டாகும் நாட்பட்ட தொழில்சார் நோயாகும். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றுவது இதன் தனி அடையாளம். எனவே மேலை நாடுகளில் இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்ற வழக்குப் பெயரும் உண்டு. தொடக்க நிலையில் தூசிலிருந்து விலகினால் பாதிப்பு நீங்கும். முற்றிய நிலையில் நீங்காது. ஆகவே நோயை உரிய காலத்தில் இனங்காண்பது இன்றியமையாதது.

வட்டாரப் பின்னணி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மழையை நம்பிய மானாவாரி நிலப்பகுதிகள் ஆகும். இங்குள்ள கரிசல் மண்ணில் பருத்தி நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகிறது. அருப்புக்கோட்டை நகரம் நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் காட்டு வேலை குறைவதால் ஆலை வேலையும், சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையும் பலருக்குப் பிழைப்பாக உள்ளன. ஒருவரே இளமையில் ஆலைத் தூசையும், பிற்காலத்தில் கரி மூட்டப் புகையையும், வீட்டில் விறகடுப்புப் புகையையும் சுவாசித்திருக்கக் கூடும். ஆகவே இப்பகுதியில் நாட்பட்ட இருமலுடன் வரும் ஒருவரின் நோயை முடிவு செய்ய, அவர் செய்த வேலைகளின் வரலாறு முழுவதையும் அறிய வேண்டியுள்ளது.

காரணம்

பஞ்சுப் பொதியில் இலை, காம்பு, விதையுறை ஆகியவற்றின் துகள்களும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். கிராம்-எதிர் பாக்டீரியாக்களிலிருந்து வெளிப்படும் அகநச்சுகள் மூச்சுக்குழாய்களில் அழற்சியையும் சுருக்கத்தையும் உண்டாக்குவதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. பொதியைப் பிரிக்கும் புளோரூம், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ஆகிய பிரிவுகளில் தூசு மிகுதி. புகைபிடிப்போருக்குப் பாதிப்பு கடுமையாகிறது.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, நார் சீவும் தொழிலாளருக்கு உண்டாகும் இருமலையும் மூச்சிரைப்பையும் பற்றி எழுதினார். 1831 இல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் கே, ஆலைத் தொழிலாளரிடம் கண்ட நோயை 'நூற்போர் காசம்' எனக் குறிப்பிட்டார். 1877 இல் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட், ஆளி நாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரை உருவாக்கினார். 1950களில் ரிச்சர்டு சில்லிங் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளில் ஆய்வு நடத்தி நோயின் படிநிலைகளை வகுத்தார். இந்தியாவில் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆலைத் தொழிலாளரிடையே இந்நோயை ஆராய்ந்துள்ளது.

படிநிலைகள்

சில்லிங்கின் பகுப்பு பின்வருமாறு:

- படி ½: விடுமுறைக்குப் பிந்திய முதல் நாளில் சில வேளைகளில் மட்டும் நெஞ்சு இறுக்கம்.
- படி 1: அவ்வாறான ஒவ்வொரு முதல் நாளிலும் நெஞ்சு இறுக்கம் அல்லது மூச்சுத் திணறல்.
- படி 2: முதல் நாளிலும் வாரத்தின் பிற நாட்களிலும் அறிகுறிகள்.
- படி 3: படி 2 இன் அறிகுறிகளுடன், நுரையீரல் செயல்திறனில் நிலையான குறைவு.

நோயறிதல்

நோயறிதலின் முதற்படி வினாவுதல் ஆகும். எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகள் வேலை, வாரத்தின் எந்த நாளில் தொல்லை மிகுதி, விடுமுறையில் குறைகிறதா என்பன கேட்கப்பட வேண்டும். எல்லா ஆலைகளிலும் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையன்றே வருவதில்லை; ஆளுக்கொரு நாளாக விடுப்பு வழங்கும் ஆலைகளில் 'திங்கட்கிழமை' என்று கேட்டால் உண்மை வெளிப்படாது என்பதால், 'லீவு முடிந்து போகும் முதல் நாள்' என்றே கேட்க வேண்டும். வேலையை விட்டு நின்றவரிடம் பழைய ஆலை வேலை பற்றியும் கேட்பது அவசியம். நோயுற்றோர் வேலையிலிருந்து நின்றுவிடுவதால், பணியில் இருப்போரை மட்டும் சோதிக்கும் கணக்கெடுப்புகள் நோயைக் குறைத்தே காட்டும்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி எனப்படும் மூச்சளவிச் சோதனை. ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, வேலைக்கு முன்னும் வேலை செய்த பின்னும் அளக்கப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் 1983 ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி இவ்வளவு 5 முதல் 10 விழுக்காடு குறைந்தால் இலேசான உடனடி விளைவு. 10 முதல் 20 விழுக்காடு நடுத்தரம். 20 விழுக்காடும் அதற்கு மேலும் கடுமை. இரண்டு நாளோ அதற்கு மேலோ தூசிலிருந்து விலகியிருந்த பின் இச்சோதனை செய்யப்பட வேண்டும். எதிர்பார்க்கப்படும் அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நாட்பட்ட பாதிப்பையும், 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது கடும் பாதிப்பையும் காட்டும்.

மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் இந்நோய்க்கே உரிய அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை. பிற நோய்கள் இல்லை என உறுதி செய்யவே அது உதவுகிறது. 'படத்தில் ஒன்றும் இல்லை' என்பது நோய் இல்லை என்பதாகாது.

பிற நோய்களிலிருந்து வேறுபடுத்தல்

- காசநோய்: மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை இருக்கக் கூடும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் உள்ள எவருக்கும் சளிச் சோதனை தேவை.
- தொழில்சார் ஆஸ்துமா: பெரும்பாலும் வேலை நாட்கள் செல்லச் செல்ல மிகும். பஞ்சுத் தூசு நோயிலோ தொடக்கத்தில் முதல் நாளே மோசமானது.
- நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்: புகையிலைப் புகை, விறகுப் புகை ஆகியவற்றால் வருவது, குறிப்பிட்ட நாளில் மிகுவதில்லை. படி 3 ஐ அடைந்த பஞ்சுத் தூசு நோயைச் சோதனைகளால் மட்டும் இதிலிருந்து பிரித்தறிவது கடினம். அந்நிலையில் வேலை வரலாறே சான்றாகிறது.

சட்ட நிலை

1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றது. நோயைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் (1923) தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் (1948) இதனை இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோயாக ஏற்றன. இச்சட்டங்களுக்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்தன. மருத்துவச் சீட்டில் 'ஆஸ்துமா' என்று மட்டும் எழுதப்பட்டால், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு பதிவாகாமல், தொழிலாளி இழப்பீடு கோருவது கடினமாகிறது.

தடுப்பும் சிகிச்சையும்

தூசை உண்டாகும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல், எந்திரங்களை மூடி இயக்குதல், காற்றோட்டம் ஆகியவை முதன்மைத் தடுப்பு முறைகள். அமெரிக்காவில் 1978 இல் நூல் உற்பத்திப் பிரிவுகளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசு என்ற உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. உரிய முகக்கவசம் துணை செய்யும். தூசு நீக்கத்துக்கு அது மாற்றாகாது. மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துகள் திணறலைத் தணிக்கின்றன. எனினும் தூசு குறைந்த பிரிவுக்கு மாற்றுவதும், புகைபிடித்தலைக் கைவிடுவதுமே நோய் முற்றுவதைத் தடுக்கும் வழிகளாகும். பணியில் சேரும்போதும், பின்னர்க் குறிப்பிட்ட கால இடைவெளிகளிலும் மூச்சளவிச் சோதனை செய்து பதிந்து வைத்தால், செயல்திறன் குறையத் தொடங்குவதைத் தொழிலாளி உணரும் முன்பே அறியலாம்.