உருண்டையும் பெட்டியும் கத்துக்கொடுத்த ஆபரேஷன்

அம்மாவுக்கு பித்தப்பையில கல். வயித்துல நாலு சின்ன ஓட்டை போட்டு, லேப்ராஸ்கோப்பியில எடுத்துடலாம்னாங்க. கையெழுத்து போடும்போது ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. "டாக்டர், இதை முதல்ல யார் வயித்துல கத்துக்கிட்டீங்க?" கேக்கலை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கேள்விதான் போகலை. பொட்டி தட்டுறவனாச்சே, தேட ஆரம்பிச்சேன்.

1985ல ஜெர்மனியில எரிக் மியூஹே இந்த முறையில பித்தப்பையை எடுத்தார். 1990 வாக்குல இது உலகம் பூரா பரவுச்சு. அனுபவசாலி சர்ஜன்களும் புதுசா கத்துக்க வேண்டிய நிலைமை. பார்வை டிவி திரையில. ஆழம் சரியா தெரியாது. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினா உள்ளே நுனி இடப்பக்கம் போகும். அந்த வருஷங்கள்ல தவறுதலா பித்தநாளத்துல காயம் படறது கூடிப்போச்சு.

விமானிகளுக்கு எட்வின் லிங்க் 1929லயே பயிற்சி இயந்திரம் செஞ்சுட்டார். சர்ஜன்களுக்கும் அதே மாதிரி வேணும்னு சொன்னவர் அமெரிக்க ராணுவ சர்ஜன் ரிச்சர்ட் சட்டாவா. 1993ல அவர் எழுதிக் காட்டிய மெய்நிகர் வயிறு கார்ட்டூன் மாதிரிதான் இருந்துச்சு.

அப்புறம் இங்கிலாந்துல 'மிஸ்ட் விஆர்' வந்துச்சு. அதுல வயிறே கிடையாது! திரையில உருண்டை, பெட்டி. உருண்டையைப் பிடி, பெட்டிக்குள்ள வை. அவ்வளவுதான். ஆனா எவ்வளவு நேரம், எத்தனை தப்பு, கை எவ்வளவு வீணா அலைஞ்சதுன்னு எல்லாத்தையும் எண்ணிடும்.

2002ல யேல் பல்கலைக்கழக ஆய்வு வெளியாச்சு. பயிற்சி சர்ஜன்கள் 16 பேர். பாதிப்பேர் கைதேர்ந்த சர்ஜன்களோட மதிப்பெண்ணைத் தொடுற வரைக்கும் இதுல பழகினாங்க. அப்புறம் எல்லாரும் நிஜ ஆபரேஷன் செஞ்சாங்க. யார் எந்தக் குழுன்னு தெரியாதவங்க வீடியோவைப் பார்த்து தப்பு எண்ணினாங்க. பழகினவங்க 29 சதவீதம் வேகம். தப்பு ஆறுல ஒரு பங்குதான்.

16 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனா எனக்கு உறைச்சது வேற. இந்த வேலையை எங்க கையில குடுத்திருந்தா முதல்ல கல்லீரலுக்கு பளபளப்பு ஏத்தியிருப்போம் :-) பலன் தந்தது படம் இல்லைங்க. தப்பை எண்ணினதும், "பத்து தடவை செஞ்சாச்சு, போதும்"னு விடாம, சரியா வர்ற வரைக்கும் செய்ய வெச்சதும்தான்.

முதல் தப்பு யார் மேலயாவது நடந்தே தீரும். அது உருண்டை மேல நடக்கட்டுமே. அம்மா மேல வேண்டாம்.